செயலி வாங்குமுன் பிசியோவின் நேரத்தை ஒதுக்குங்கள்

மலேசியச் சுகாதார அமைச்சின் டிஜிட்டல் சுகாதாரப் பிரிவுக்கும் பினாங்கு மாநிலச் சுகாதாரத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோரே, வணக்கம்.

பினாங்கில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்டுகளும் தாதியரும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு மருந்தை மூச்சோடு இழுக்கும் பம்பும் மாத்திரையும் பாதி வைத்தியம்தான். காசநோய் குணமாகியும் நுரையீரலில் தழும்பு தங்கி மூச்சு வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். மீதிப் பாதி, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என எட்டு வாரம் வரை கண்காணிப்போடு செய்யும் பயிற்சி. நடை, கால் கைகளுக்கு வலுவூட்டல், மூச்சை ஆளும் முறை, பம்பைச் சரியாக அடிக்கும் முறை எல்லாம் அதில் அடக்கம். கெட்டுப்போன நுரையீரலைப் பயிற்சி திருப்பித் தராது. ஆனால் உட்கார்ந்தே இருந்து சோர்ந்துபோன தசைகள் தேறிவிட்டால், அதே படியை ஏற உடம்பு முன்பைவிடக் குறைந்த காற்றே கேட்கும். மூச்சு வாங்குவது குறைவதும் நோயாளி கடைக்குத் தானே போய்வருவதும் இதனால்தான்.

பயிற்சி இருக்கும் இடத்துக்கு நோயாளி வந்து சேர்வதுதான் பெரும்பாடு. நிபோங் திபாலிலோ சுங்கை பக்காப்பிலோ இருக்கும் ஒரு பெரியவர் வாரம் இரு முறை பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு வர வேண்டுமென்றால் மகனோ மகளோ வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்து அழைத்துவர வேண்டும். எட்டு வாரத்துக்கு அது 16 அரைநாள். பாலத்து நெரிசலும் மருத்துவமனையில் கார் நிறுத்த இடம் தேடுவதும் தனி. இரண்டாம் வாரத்திலேயே பலர் நின்றுவிடுவதற்கு அவர்களின் அக்கறைக் குறைவு காரணமல்ல. ஆகவே வீட்டிலிருந்தபடியே பயிற்சி என்ற யோசனையை முழு மனதோடு ஆதரிக்கிறோம்.

ஆதரிக்க ஆதாரமும் இருக்கிறது. 2021இல் வெளியான காக்ரன் ஆய்வுத் தொகுப்பு, 15 ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,904 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொலைவழிப் பயிற்சி பெற்றவர்களின் நடைத்திறனும் மூச்சிளைப்பும், நேரில் வந்து பயின்றவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. பயிற்சியைக் கடைசிவரை முடித்தவர்கள் தொலைவழியில் 93 விழுக்காடு, நேரில் வந்தவர்களில் 70 விழுக்காடு. அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும், மையத்துக்கு வந்து பயில்வதையோ தொலைவழியில் பயில்வதையோ நோயாளிக்கு வழங்கலாம் என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறது.

எங்கள் கவலை வேறு. டிஜிட்டல் என்றவுடன் பேச்சு நேராகச் செயலிக்கும் கைக்கடிகாரத்துக்கும், எண்கள் ஓடும் பெரிய திரைக்கும் போய்விடுகிறது. எண்களைத் திரட்டுவது மறுவாழ்வுப் பயிற்சி ஆகிவிடாது. ஸ்காட்லாந்தின் லோதியன் வட்டாரத்தில் 256 சி.ஓ.பி.டி. நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2013இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஒரு சாரார் வீட்டிலிருந்தே அன்றாடம் தங்கள் அறிகுறிகளையும் ஆக்சிஜன் அளவையும் கருவி வழியே அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு அதே மருத்துவக் கவனிப்பு, கருவி மட்டும் இல்லை. நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வது கருவி வைத்திருந்தவர்களுக்குத் தள்ளிப்போகவில்லை. இன்னொரு பக்கம், 2017இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 166 பேர். வீட்டில் பயின்றவர்களுக்குப் பிசியோ ஒரே ஒரு முறை வீட்டுக்குப் போனார், பிறகு வாரம் ஒன்றாக ஏழு தொலைபேசி அழைப்புகள். காணொலி இல்லை, செயலியும் இல்லை. பயிற்சி முடிந்தபோது அவர்களின் ஆறு நிமிட நடைதூரம் மையத்துக்கு வந்தவர்களின் தூரத்துக்குக் குறையவில்லை. பணத்தை எதில் முதலில் போட வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு ஆய்வையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

எனவே கேட்கிறோம்: முதலில் ஆளையும் அவருடைய நேரத்தையும் ஒதுக்குங்கள், கருவியைப் பிறகு வாங்குங்கள். ஒரு பிசியோவின் பொறுப்பில் 20 நோயாளிகள் இருந்து ஒவ்வொருவருக்கும் வாரம் அரை மணி நேரம் பேசினால் வாரத்துக்கு 10 மணி நேரம் ஆகும். அது பணி அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வார்டு வேலை முடிந்தபின் முடிந்தால் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாம் வாரத்தில் அழைப்புகள் நின்றுபோகும், நோயாளியும் நின்றுபோவார்.

அடுத்து, முதல் மதிப்பீடு நேரில்தான் நடக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. நெஞ்சுவலி, சீரற்ற இதயத் துடிப்பு, அடிக்கடி விழுதல், ஓய்விலேயே ஆக்சிஜன் குறைதல் ஆகியவற்றைத் திரை வழியே உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் நேர்ப்பாதை வேண்டும். பாதை குட்டையானால் நோயாளி அடிக்கடி திரும்ப வேண்டிவரும், திரும்பும் ஒவ்வொரு முறையும் வேகம் விழும், மொத்தத் தூரமும் குறையும். மருத்துவமனையின் 30 மீட்டர் வராந்தாவில் எடுத்த தூரத்தை அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் எடுத்ததோடு ஒப்பிட்டால், முன்னேறியவர்கூடப் பின்தங்கியவராகத் தெரிவார். சோதனையை இரண்டு முறை எடுக்க வேண்டும் என்பதும் சடங்குக்காக அல்ல. பழகிவிட்ட ஒரே காரணத்தால் இரண்டாம் முறை சராசரியாக 26 மீட்டர் கூடுகிறது. நோயாளிக்கு உண்மையில் பயன் தரும் முன்னேற்றமாகக் கருதப்படுவதோ சுமார் 30 மீட்டர். தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் எடுத்துவிட்டு எட்டு வாரத்துக்குப் பின் இன்னொரு முறை எடுத்தால், பழக்கத்தால் வந்ததையும் பயிற்சியால் வந்ததையும் பிரிக்க வழியில்லை.

வீட்டில் இருக்கும்போது ஒரு நிமிட எழுந்தமர்வுச் சோதனை கைகொடுக்கும். சுமார் 46 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலி, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழங்கால் முழுதாக நிமிரும்படி எழுந்து உட்கார வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை என்பதே கணக்கு. மூன்று கூடினால் முன்னேற்றம். நம் வீடுகளில் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் பின்னுக்கு வழுக்கும், சிலசமயம் கால் விரிந்து சாயும். மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தொடங்குமுன் அதைக் காணொலியில் காட்டச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. இந்தச் சோதனையில் ஆக்சிஜன் அளவு மிகக் கீழே இறங்குவது பலருக்குச் சோதனை முடிந்த பிறகுதான். அறுபதாம் விநாடியில் விரலிலிருந்து ஆக்சிஜன் அளக்கும் கருவியைக் கழற்றிவிட்டால் அந்த இறக்கம் கண்ணில் படாது. இன்னும் இரண்டு நிமிடம் மாட்டியே இருக்கட்டும்.

பயிற்சியின் அளவும் ஆறு நிமிட நடைச் சோதனையிலிருந்தே பிறக்க வேண்டும். எல்லோருக்கும் ‘தினம் அரை மணி நேரம் நடங்கள்’ என்று ஒரே செய்தியை அனுப்பும் செயலியால் பயனில்லை. ஒருவர் ஆறு நிமிடத்தில் 300 மீட்டர் நடந்தார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 50 மீட்டர். அதில் 80 விழுக்காடு நிமிடத்துக்கு 40 மீட்டர். அந்த வேகத்தில் 20 நிமிடம் நடந்தால் 800 மீட்டர். அவர் வீட்டு மாடி நடைபாதை ஒரு போக்குக்கு 20 மீட்டர் என்றால் 40 போக்கு. ‘20 நிமிடத்தில் 40 போக்கு, இடையில் நிற்க வேண்டியிருந்தால் நில்லுங்கள்’ என்று சொன்னால் எந்தப் பாட்டிக்கும் புரியும். ஒவ்வொரு போக்கு முடிந்ததும் ஒரு புளியங்கொட்டையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் கணக்கும் தப்பாது. தொடர்ந்து நடக்க முடியாதவர் ஒரு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் உட்காரட்டும், கூட்டுத்தொகை 20 நிமிடம் வந்தால் போதும். மூச்சிளைப்பு 0 முதல் 10 வரையிலான போர்க் அளவுகோலில் 4 முதல் 6 வரை இருக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே இருந்தால் பயிற்சி போதவில்லை, ஏழைத் தாண்டினால் அதிகம். வலுப் பயிற்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போத்தல் ஒரு கிலோ எடை. 8 முதல் 12 முறை தூக்கினால் தசை களைக்க வேண்டும். அதற்குமேலும் சுலபமாகத் தூக்க முடிகிறதென்றால் எடையைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது. இதை வாரா வாரம் கேட்டு மாற்றுவதுதான் பிசியோவின் வேலை.

இனி, இந்தத் திட்டத்தின் நடுநாயகமான, விரலில் மாட்டி ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர். கைக்கு அடக்கமான கருவி, விலையும் கம்மி. ஆனால் தவறுகள் நுழையும் வாசலும் அதுதான். திரையில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. நாடி 92ஐ ஆக்சிஜன் 92 என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது. கருவியைத் தலைகீழாகப் பார்த்தால் 98 என்பது 86 போலத் தெரியும், 89 என்பது 68 போலத் தெரியும். கோடுகளால் ஆன எண்கள் அப்படித்தான். 86 என்று செய்தி வந்தால் ஆம்புலன்ஸை அழைக்குமுன் கருவி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதற்காகவே எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லாமல், விரலில் கருவி மாட்டியிருக்கும் சிறு காணொலியாக அனுப்பச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கை சூடாக இருக்கும்போது, நகச்சாயம் இல்லாத விரலில் மாட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். மாட்டியவுடன் முதலில் தோன்றும் எண்ணை நம்பக்கூடாது. நடந்துகொண்டே பார்க்கும் எண்ணையும் நம்பக்கூடாது, நின்று கையை அசைக்காமல் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த வாரத்தில் கறுப்பு மருதாணி இட்ட விரலில் அளவே வராமல் போகலாம். அப்போது காதுமடலில் மாட்டும் வகை உதவும்.

இதைவிடப் பெரிய விஷயம் தோல் நிறம். இதை எங்கள் சமூகத்தின் நலனுக்காகக் குறிப்பாகக் கேட்கிறோம். ஆக்சிமீட்டர் தோலினூடே ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கருந்தோலில் அந்த அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்த நிலை கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையர்களின் அளவீடுகளில் 3.6 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று மடங்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, ஒரு கருவியைக் குறைந்தது 10 பேரிடம் சோதித்து, அவர்களில் இருவரோ 15 விழுக்காட்டினரோ கருந்தோல் உள்ளவர்களாக இருந்தால் போதும் என்றிருந்தது. 2025 ஜனவரியில் அதே நிர்வாகம் வெளியிட்ட வரைவு வழிகாட்டி, 150 பேருக்குக் குறையாமல், பல தோல் நிறத்தவரிடம் சோதிக்கச் சொல்கிறது. மலேசிய இந்தியர்களுக்கும் ஓராங் அஸ்லி மக்களுக்கும் கருவி வாங்கும் அமைச்சு, விற்பவரிடம் இந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின் (சட்டம் 737) கீழ் பதிவுபெற்ற கருவியாக மட்டும் இருந்தால் போதாது. அத்தோடு, ஓய்வில் 94க்குக் கீழே காட்டும் கருந்தோல் நோயாளிக்கு முதல் மதிப்பீட்டிலேயே தமனி ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்து, கருவிக்கும் ரத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அவருடைய அட்டையில் எழுதி வைத்தால் எட்டு வாரமும் அது துணைக்கு இருக்கும். கைக்கடிகாரத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணைப் பெரும்பாலும் தயாரிப்பாளர்களே மருத்துவப் பயன்பாட்டுக்கல்ல என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதை இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

எச்சரிக்கை மணி எப்போது அடிக்க வேண்டும் என்பதையும் கணினி தயாரிப்பவரிடம் விடக்கூடாது. எல்லோருக்கும் 92 என்று எல்லை வைத்தால், வழக்கமாகவே 90இல் இருக்கும் சி.ஓ.பி.டி. நோயாளிக்குத் தினமும் மணி அடிக்கும். தினமும் அடிக்கும் மணியை யாரும் எழுந்து பார்க்கமாட்டார்கள். ஆக்சிஜன் ஏற்றும்போது கரியமிலவாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு இலக்கே 88 முதல் 92 வரைதான் என்பதை நீங்கள் அறிவீர்கள். 98ஐப் பார்க்க ஆசைப்பட்டு வீட்டு ஆக்சிஜன் கருவியைக் கூட்டி வைக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்கித்தான் ஆக வேண்டும். நாங்கள் பரிந்துரைக்கும் முறை: நோயாளி தெளிவாக இருக்கும் ஒரு வாரத்து அளவுகளைக் கொண்டு அவருடைய வழக்கமான எண்ணைக் கண்டுபிடிப்பது, அதிலிருந்து மூன்று இறங்கி இரண்டாவது முறை அளந்தும் அப்படியே நின்றால் அழைப்பது. எண்ணோடு மூச்சிளைப்பு, சளியின் அளவு, சளியின் நிறம் மூன்றையும் கேட்க வேண்டும். நோய் முற்றுவதை எண்ணுக்கு முன்னே சளி காட்டிக்கொடுப்பதுண்டு. சனிக்கிழமை இரவு அனுப்பும் செய்தியைத் திங்கட்கிழமைதான் பார்ப்பார்கள் என்றால் அதை முதல் நாளிலேயே நோயாளியிடம் சொல்லி, அவசரத்துக்கு 999தான் என்று அட்டையில் பெரிதாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அழைப்பை எடுக்க ஆளில்லாத எண், எண்ணே இல்லாததைவிட ஆபத்து.

காணொலி வழிப் பயிற்சிக்கு ஒரு பிசியோவுக்கு ஆறு பேர் போதும். அதற்குமேல் போனால் திரையில் முகம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிடும், உதடு நீலம் பாரிப்பதும் தோள் தூக்கி மூச்சு விடுவதும் தெரியாது. ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் ஆள் அன்று எங்கே இருக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மகள் வீட்டுக்கு ஈப்போ போயிருப்பார், நம்மிடம் இருப்பதோ புக்கிட் மெர்தாஜாம் முகவரி. புளோக், மாடி, மின்தூக்கி ஓடுகிறதா, வீட்டில் இன்னொரு பெரியவர் உண்டா என்பதெல்லாம் ஆம்புலன்ஸ் வரும்போது தேவைப்படும். பயிற்சியில் ஆக்சிஜன் 88க்குக் கீழே போனால் நிறுத்தி உட்காரவைக்க வேண்டும். முன்னே குனிந்து முழங்கையை மேசையில் ஊன்றி, மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விட வேண்டும். மின்விசிறிக் காற்று முகத்தில் படும்படி திருப்பிவைத்தால் மூச்சிளைப்பு சீக்கிரம் தணியும். நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. கைப்பேசியை யாரும் கையில் பிடித்திருக்கக்கூடாது. அலமாரியில் சாய்த்துவைத்து, தலையிலிருந்து பாதம்வரை தெரியும் தூரத்தில் நிற்கச் சொல்ல வேண்டும்.

காணொலி மிகவும் பயன்படும் இடம் ஒன்று உண்டு, அதை ஏனோ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை: பம்பு அடிக்கும் முறையைச் சரிபார்ப்பது. நோயாளி தன் வீட்டில், தன் பம்பை, தன் வழக்கப்படி அடிக்கும்போது பக்கவாட்டிலிருந்து எடுத்த அரை நிமிடக் காணொலி போதும். முன்பக்கமாக எடுத்தால் கை வாயை மறைத்துவிடும். அழுத்தி அடிக்கும் வகைப் பம்பைக் குலுக்கி, முதலில் மூச்சை வெளியே விட்டு, மெதுவாக ஆழமாக இழுத்துக்கொண்டே அழுத்தி, 10 விநாடி அடக்க வேண்டும். பொடி வகையை இதற்கு நேர்மாறாக வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதினால் பொடி ஈரமாகிக் கட்டிவிடும். இரண்டு வகையும் கையில் இருப்பவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பார்கள். பம்பில் ஒட்டும் உணரிகள் விற்பனையில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்த நாளில் எந்த நேரத்தில் அடித்தார் என்பதைப் பதிவுசெய்யும், மருந்து நெஞ்சுக்குள் போனதா நாக்கில் தங்கியதா என்று சொல்லாது.

நடை எண்ணும் கருவி பற்றிச் சுருக்கமாக. மெதுவாக நடப்பவரின் அடிகளைக் கைப்பேசியும் கைப்பட்டையும் குறைத்தே எண்ணும். தள்ளுவண்டியைப் பிடித்து நடப்பவரின் மணிக்கட்டு அசையாததால் கைப்பட்டை பேசாமல் இருக்கும். நம் பெண்கள் வீட்டுக்குள் நடக்கும்போது கைப்பேசி மேசையில்தான் இருக்கும், நைட்டியில் பை கிடையாது. இடுப்பில் மாட்டும் சிறு கருவி நல்லது. முதல் வாரச் சராசரியைக் கண்டு, வாரத்துக்கு அதில் பத்து விழுக்காடு கூட்டினால் போதும். பத்தாயிரம் அடி என்ற இலக்கை இவர்களிடம் சொல்லவே வேண்டாம். ஒரு நாளைக்கு 600 முதல் 1,100 அடி கூடினாலே சி.ஓ.பி.டி. நோயாளிக்கு அது அர்த்தமுள்ள முன்னேற்றம்.

இந்த ஊருக்கே உரியவை சிலவும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே நடக்கச் சொல்லும் செய்தி தானாகவே நின்று, வீட்டுக்குள் செய்யும் பயிற்சிக்கு மாற வேண்டும். மிண்டன், செபராங் ஜெயா நிலையங்களின் அளவு பொதுவில் வெளியாகிறது, செயலியை அதனோடு இணைப்பது கடினமல்ல. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் தீபாவளிப் பட்டாசும் எத்தனை பேருக்கு இருமலைக் கிளப்பிவிடுகின்றன என்பது எங்களுக்குத் தெரியும். சாமி கும்பிடுவதை விடச் சொல்லத் தேவையில்லை. நோயாளி வேறு அறையில் இருக்க, சன்னலைத் திறந்துவைத்து, புகை அடங்கியபின் அவர் உள்ளே வரலாம் என்று சொன்னால் குடும்பம் கேட்கும். தைப்பூச வாரத்தில் யாரும் காணொலிக்கு வரமாட்டார்கள், எட்டு வாரத்தைக் கணக்கிடும்போதே அதை விட்டுவைக்கலாம். புகைப்பவர்களை முதல் அழைப்பிலேயே, புகைப்பதை விட உதவும் எம்குவிட் சேவைக்கு அனுப்ப வேண்டும்.

மொழியும் கைப்பேசியும் ஒன்றோடொன்று பின்னியவை. தோட்டத்தில் வேலைசெய்து ஓய்ந்த பெரியவர்களில் சிலருக்கு எந்த மொழியிலும் வாசிக்க வராது, தமிழில் பேசினால் எல்லாம் புரியும். அவர்களுக்கு எழுத்துச் செய்தியைவிடக் குரல் செய்தி நூறு மடங்கு பயன் தரும். மூச்சிளைப்பு அளவுகோலையும், 0 முதல் 40 வரை மதிப்பெண் தரும் எட்டுக் கேள்விகளால் சி.ஓ.பி.டி.யின் பாதிப்பை அளக்கும் கேட் (CAT) கேள்வித்தாளையும் சரிபார்க்கப்பட்ட தமிழில் குரலாகப் பதிந்து கொடுங்கள். பேரப்பிள்ளை மொழிபெயர்க்கட்டும் என்று விட்டால் தாத்தா தன் அவதியைப் பேரன்முன் குறைத்தே சொல்வார். கைப்பேசி பெரும்பாலும் மருமகளுடையது, அவர் வேலைக்குப் போனால் கைப்பேசியும் போய்விடும். எனவே அழைப்பு நேரத்தைக் கைப்பேசி வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வைக்க வேண்டும், மாலை ஏழரை மணி என்றாலும் சரி. ஒரு மணி நேரக் குழுக் காணொலிக்குத் தரத்தைப் பொறுத்து அரை ஜிபி முதல் ஒரு ஜிபிக்கு மேலும் செலவாகும். 16 பயிற்சிக்குக் கணக்குப் போட்டால் பிரிபெய்ட் அட்டைக்காரரால் தாங்க முடியாது. டேட்டா கட்டணத்தைத் திட்டமே ஏற்க வேண்டும். அதுவும் முடியாதவருக்குச் சாதாரணத் தொலைபேசி அழைப்பை இரண்டாந்தரம் என்று கருதாமல் முழுமையான வழியாகவே வழங்க வேண்டும்.

ஒப்பந்தம் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 709) மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. ஆகவே நோயாளியின் காணொலியும் அளவுகளும் எங்கே வைக்கப்படும், யார் பார்க்கலாம், ஒப்பந்தம் முடிந்தால் யாருக்குத் திரும்பும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். தரவைப் பொதுவான வடிவில் எடுக்க முடியாத செயலியை வாங்கினால், அந்த நிறுவனம் மூடும் நாளில் நோயாளியின் பதிவுகளும் மூடிவிடும்.

திட்டம் வெற்றியா என்று பார்க்க, செயலியை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணை வைத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை பேர் பரிந்துரைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் தொடங்கினார்கள், பத்தில் ஏழு பயிற்சிக்காவது வந்து முடித்தவர்கள் எத்தனை பேர், எழுந்தமர்வு எண்ணும் கேட் மதிப்பெண்ணும் எவ்வளவு மாறின, எத்தனை பேர் விழுந்தார்கள் என்பவற்றை வெளியிடுங்கள். கேட் மதிப்பெண் இரண்டு குறைந்தாலே நோயாளி வித்தியாசத்தை உணர்கிறார். இவற்றை மொழிவாரியாகவும், சொந்தக் கைப்பேசி உள்ளவர் இல்லாதவர் என்றும் பிரித்துக் காட்டினால் யார் விடுபட்டுப்போகிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக, எட்டு வாரத்துக்குப் பிறகு என்ன என்பதற்கும் இப்போதே நிதி ஒதுக்குங்கள். மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வில் வீட்டில் பயின்றவர்களும் மையத்தில் பயின்றவர்களும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பெற்ற பலனைத் தக்கவைத்திருக்கவில்லை. மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுந்தமர்வுச் சோதனை, நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பியவருக்கு நான்கு வாரத்துக்குள் மறுபடி பயிற்சி என்று எழுதிவிட்டால் போதும். நான்கு வாரம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். அந்தக் காலத்துக்குள் தொடங்கும் பயிற்சி மறுபடியும் சேர வேண்டிய நிலையைக் குறைக்கிறது, இப்போதைய காத்திருப்புப் பட்டியலில் அந்த வாரங்கள்தான் வீணாகின்றன. வார்டிலிருந்து அனுப்பும் தாளிலேயே பயிற்சிக்கான பரிந்துரையும் நோயாளி விரும்பும் வழியும் (நேரில், காணொலி, தொலைபேசி) அழைப்பு நேரமும் நிரப்பப்பட்டிருக்க ஒரு கட்டம் சேர்த்துத் தாருங்கள். செபராங் பிறையில் ஒரு மருத்துவமனையும் அதைச் சுற்றியுள்ள அரசாங்க கிளினிக்குகளும் இதை முதலில் தொடங்கலாம். பயிற்சிக் குறிப்புகள், அழைப்பில் கேட்கும் கேள்விகள், தமிழ்க் குரல் பதிவுகள் ஆகியவற்றைத் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பினாங்கில் நுரையீரல் மறுவாழ்வுப் பணியில் உள்ள பிசியோதெரபிஸ்டுகளும் தாதியரும்